அக்கரைப் பால்

ஓட்டிலி செத்த மறுநாள், விடிந்தும் விடியாமலும் டீலியா ஓடையைத் தாண்டிப் போய் அவள் வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்தது ஓட்டிலியின் நாத்தனார் ஹெட்விக். முந்தின நாள் சாயங்காலம் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கியவள். வந்த வேகத்தில் இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகிக்கொண்டுவிட்டாள்.

"பிள்ளையைக் குடு. பால் குடுத்துட்டுப் போயிடறேன்" என்றாள் டீலியா.

"தேவையில்லை. எங்க பிள்ளையை நாங்க பாத்துக்குவோம்."

"என்னத்தைப் பாத்துக்குவே? நேத்து ரெண்டு வாட்டி எங்கிட்டதான் குடிச்சான். ராத்திரி பூரா என்ன குடுத்தே நீ?"

ஹெட்விக்கின் உதடு கோணியது. "முதல்ல மரியாதையாப் பேசக் கத்துக்கோ. எங்க வீட்டுப் பிள்ளைக்குப் போப்பாண்டவர் பால் வேண்டாம்" என்று சொல்லிக் கதவை முகத்தில் அறைந்து சாத்தினாள்.

"போப்பாண்டவருக்கு ஏதுடி பாலு!" என்று டீலியா கதவைப் பார்த்துக் கத்தினாள். கதவா பதில் சொல்லும்? அடுக்களை ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். பிறந்து ஒரு நாள்கூட முழுசாக ஆகாத பிள்ளை தொட்டிலில் கிடந்தது. வாயில் ஒரு துணி மூட்டை. ரொட்டித் தூளையும் சர்க்கரையையும் முடிந்து, தண்ணீர் விட்ட மாட்டுப் பாலில் முக்கித் திணித்து வைத்திருந்தார்கள். பிள்ளை அதைச் சப்பும், துப்பும், மறுபடி அழும். அந்த அழுகை காதில் விழுந்ததும் கைப்பிள்ளைக்காரியான டீலியாவுக்கு மாரில் பால் கட்டிக்கொண்டு சட்டை நனைந்தது. பெற்றவளுக்குத்தான் சுரக்கும் என்று எந்த மடையன் சொன்னது? பசித்த பிள்ளையின் குரலுக்குச் சுரக்கும். இது ஊரில் ஆடு மாடு வளர்க்கும் எல்லாருக்கும் தெரியும், பெரிய அக்கா ஹெட்விக்கைத் தவிர.

கொக்கு ஓடைக்கு வடக்கே அயர்லாந்துக்காரர்கள், தெற்கே ஜெர்மன்காரர்கள். வடக்கே சாமியார் வந்து பூசை வைக்கும் கத்தோலிக்கக் கோயில், தெற்கே லுத்தரன் கோயில். அமெரிக்காவின் மின்னசோட்டாப் புல்வெளியில் கண்ணுக்கெட்டின தூரம் வேறு வீடு கிடையாது. இருந்தும் இரண்டு கூட்டமும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் தொப்பியைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். வடகரையில் கடைசி வீடு டீலியாவுடையது. தென்கரையில் முதல் வீடு ஓட்டிலியுடையது. நடுவில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை முதலில் தாண்டியவள் ஓட்டிலி.

டீலியா வந்த முதல் பனிக்காலம் அது. அயர்லாந்தின் கனிமாராக் கடற்கரையில் மீனும் பாசியும் பார்த்து வளர்ந்தவளுக்கு இந்த ஊர்ப் பனி பற்றி என்ன தெரியும்? உருளைக்கிழங்கைக் குழியில் மேலோட்டமாகப் புதைத்துவிட்டாள். எல்லாம் உறைந்து, வெடித்து, கறுத்துப் போயிற்று. கிழங்கு கறுத்து ஊரே பட்டினியில் செத்த பஞ்சத்தின் கதையைப் பெற்றோர் வாயால் கேட்டு வளர்ந்தவள் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்போது ஒரு குண்டுப் பெண் ஒரு சாக்கு மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு ஓடைப் பனிக்கட்டி மேல் வழுக்கி வழுக்கி வந்தாள். மூட்டையைத் தொப்பென்று போட்டு, குழியைக் காலால் காட்டி, தன் உயரத்துக்குக் கையைத் தூக்கி, "இவ்வளவு ஆழம் தோண்டணும், முட்டாளே" என்றாள். டீலியாவுக்குப் புரிந்த முதல் ஜெர்மன் சொல் முட்டாள்தான்.

அப்புறம் ஏழு வருஷம். ரொட்டி சுடும்போது, முட்டைக்கோஸ் அரிந்து ஊறப் போடும்போது, வாத்து இறகு பிடுங்கும்போது, ஓட்டிலியிடம் பாஷை படித்தாள் டீலியா. எல்லாம் அடுக்களைப் பாஷை. பால், மாவு, உப்பு, வாளி, கொதிக்குது, தீஞ்சு போச்சு, சோம்பேறிக் கழுதை, இந்தா தின்னு. ஜெர்மன் பேச்சில் நீ உண்டு, நீங்கள் உண்டு. அயர்லாந்துப் பேச்சில் நீ மட்டும்தான். கடவுளுக்கும் நீ, கழுதைக்கும் நீ. 'நீங்கள்' போட்டுப் பேச ஓட்டிலி சொல்லித்தரவே இல்லை. "அதெல்லாம் உனக்கு எதுக்கு? நீ எங்கிட்ட மட்டும்தானே பேசப் போறே. பாதிரியார்கிட்டயா போய் வம்பளக்கப் போறே?" என்று சிரித்துவிட்டாள்.

சண்டையும் போட்டிருக்கிறார்கள். ஓட்டிலியின் பன்றி டீலியாவின் தோட்டத்தைக் கிளறியபோது மூன்று வாரம் பேசவில்லை. டீலியா மோரைக் குடத்தோடு தூக்கிக் குடிப்பதைப் பார்த்து ஓட்டிலி மூக்கைச் சுளித்தபோது ஒரு வாரம். ஆனால் இந்த ஜனவரியில் டீலியாவுக்கு வலி கண்டபோது கண் தெரியாத பனிப்புயலில் வீட்டிலிருந்து ஓடை வரைக்கும் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தது யார்? சொந்த நாட்டுக்காரியான வினி அல்ல. ஓட்டிலிதான், அவளே அப்போது ஐந்து மாசக்காரி. டீலியாவின் மகளை முதலில் கையில் ஏந்தியவள் அவள். அவளுக்கு நேற்று ரத்தம் நிற்காமல் போனபோது டீலியா என்னென்னவோ செய்து பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. "பிள்ளைக்குப் பால் குடு" என்றாள் ஓட்டிலி. அதுதான் அவள் பேசிய கடைசிப் பேச்சு.

இப்போது கதவு சாத்தியிருக்கிறது.

வீட்டுக்கு வந்த டீலியா கணவனைக் கிளப்பினாள். ஃபெஸ்டி நல்லவன், ஆனால் நாலு பேர் குரலை உயர்த்தினால் தொப்பியைத் தேடுகிறவன். "நீ போய் எவால்ட்கிட்டப் பேசு. அப்பன்காரன் அவன்தானே? பிள்ளையைக் கேளு. தரலேன்னா இதையாவது குடுத்துட்டு வா" என்று ஒரு குவளை நிறையத் தன் பாலைப் பீய்ச்சி மூடிக் கொடுத்தாள்.

அவன் திரும்பி வந்தபோது வினி அங்கே இருந்தாள். வினி டீலியாவுக்குப் பக்கத்து ஊர், கப்பலில் ஒன்றாக வந்தவள். பத்து மாசப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு துக்கம் விசாரிக்க வந்திருந்தாள்.

"என்ன ஆச்சு?" என்றாள் டீலியா.

"எவால்ட் பெட்டி அடிச்சிட்டிருக்கான். நிமிர்ந்துகூடப் பாக்கலை. அக்காவைக் கேளுன்னான்."

"கேட்டியா?"

"கேட்டேன். முடியாதுன்னுட்டா."

"நீ என்ன சொன்னே?"

"சரின்னு வந்துட்டேன்."

"சரின்னு வந்துட்டியா! பாலு?"

ஃபெஸ்டி குவளையைக் கவிழ்த்து மேஜையில் வைத்தான்.

"பாலு எங்கேன்னு கேக்கறேன். பிள்ளைக்குக் குடுத்தாளா?"

"விடு டீலியா."

"வாயைத் திறந்து சொல்லப் போறியா இல்லையா?"

"பன்னித் தொட்டியில ஊத்திட்டா" என்றான்.

டீலியா கையில் இருந்த கரண்டி சுவரில் போய் மோதியது. பிள்ளை குடிக்கத் தன் உடம்பிலிருந்து எடுத்த பால், பன்றிக்கு! அங்கே அது தொண்டை வறண்டு கத்துகிறது, இங்கே பன்றிக்குத் தாய்ப்பால்!

வினி பையனைத் தட்டிக்கொண்டே, "நான் சொன்னா கோவிச்சுக்குவே" என்று ஆரம்பித்தாள். "அவங்க பிள்ளை, அவங்க பாடு. இன்னிக்குப் பால் குடுப்பே. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அயர்லாந்துக்காரி விஷம் வெச்சிட்டான்னு கொட்டடிப்பாங்க. நமக்கு எதுக்குடி ஊர்ப் பொல்லாப்பு? அடக்கத்துக்கு வேலி வரைக்கும் போவோம், தொப்பியை எடுத்துட்டு நிப்பாங்க நம்ம ஆளுங்க, திரும்பிடுவோம். அவங்க ஜெபம் பண்ற எடத்துல கால் வெச்சாலே பாவம்னு சாமியார் சொல்லியிருக்கார்ல?"

"ஓட்டிலி வாசப்படியில நீ கால் வெச்சது இல்லையா?"

"அது வேற."

"என்னடி வேற? நம்ம எல்லாருக்கும் கிழங்கு உறைஞ்சு போன வருஷம், சாக்கைத் தூக்கிட்டு நீயும் போனியே அவ வாசலுக்கு. அப்போ பாவம் எங்க போயிருந்தது, சந்தைக்கா?"

வினிக்கு முகம் சிவந்துவிட்டது. "உனக்கு நாக்குல நரம்பே இல்லை" என்று எழுந்துகொண்டாள்.

"இருக்கு. உன்னை மாதிரி அதை முழுங்கிட்டு உக்காரத் தெரியலை, அவ்வளவுதான்."

அன்று பகலில் இரண்டு முறை, மறுநாள் மூன்று முறை டீலியா அக்கரைக்குப் போனாள். ஒரு முறைகூடக் கதவு திறக்கவில்லை. கடைசித் தடவை ஜன்னலுக்கு உள்பக்கம் போர்வை தொங்கியது. ஒவ்வொரு தடவையும் அழுகை முன்னைவிட மெலிந்திருந்தது. பிள்ளை அடங்கிவிட்டது என்று ஹெட்விக் நினைத்திருப்பாள். அடங்கினதா அது? ஓய்ந்துகொண்டிருந்தது. ஓயும் பிள்ளையின் குரல் எப்படி இருக்கும் என்று டீலியாவுக்குத் தெரியும். ஊரில் இரண்டு தம்பிகளின் குரல் அப்படித்தான் ஓய்ந்தது. இன்னும் ஒரு நாள் தாங்கினால் அதிகம்.

அடக்கத்தன்று ஓட்டிலியின் பெட்டியை முற்றத்தில் இரண்டு நாற்காலி மேல் வைத்திருந்தார்கள். ஜெர்மன்காரர்கள் கறுப்பு உடுப்பில் வரிசையாக, மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காமல் நின்றார்கள். ஒரு பெண்ணும் வாய்விட்டு அழவில்லை. அழக்கூடாதாம், அது கடவுள் மேல் நம்பிக்கை இல்லாத செயலாம். பாதிரியார் புத்தகத்தை விரித்து வைத்துத் தாழ்ந்த குரலில் வாசித்துக்கொண்டிருந்தார். எவால்ட் பெட்டியின் தலைமாட்டில் நட்டுவைத்த கம்பாக நின்றான். ஹெட்விக் வீட்டு வாசற்படியில், கதவை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

வேலிக்கு வெளியே, பாதையோரம், அயர்லாந்துக்காரர்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள். பெண்கள் சால்வைக்குள் ஜெபமாலை உருட்டினார்கள். ஒரு கால்கூட வேலிக்கு உள்ளே வரவில்லை.

டீலியா மகளைத் தூக்கி வினியின் கையில் வைத்தாள்.

"எங்கடி போறே? வேண்டாம் டீலியா. ஃபெஸ்டி, புடிங்க அவளை!"

ஃபெஸ்டி கையை நீட்டினான். அவள் பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டான். பாவாடையைத் தூக்கிச் செருகி, வேலிக் கட்டை மேல் ஏறி அந்தப் பக்கம் குதித்தாள் டீலியா. நேரே பெட்டியிடம் போய், முக்காட்டைத் தள்ளி, தலைமயிரை அவிழ்த்துவிட்டு, பெட்டி மேல் இரண்டு கையாலும் அறைந்து ஒப்பாரியை ஆரம்பித்தாள்.

*எழுந்திரிடி ஓட்டிலி, என் அக்கரை வெளிச்சமே,*
*ஏனடி படுத்துவிட்டாய் உன் பிள்ளை பசித்திருக்க?*
*புயலிலே கயிறு கட்டி என் பிள்ளை பார்க்க வந்தாய்,*
*புழக்கடை வந்து நின்றேன், உன் பிள்ளை காட்டவில்லை!*
*மாரிலே பால் சுமந்து வாசலில் நான் நின்றேன்,*
*பன்றிக்கு ஊற்றினாரே, பாவிகள் உன் வீட்டாரே!*

அவள் ஊரில் சாவு வீட்டு ஒப்பாரிக்கு ஒரு சட்டம் உண்டு. ஒப்பாரி வைக்கிறவள் செத்தவளிடம் பேசுகிறாள். அவள் யாரை வேண்டுமானாலும் வையலாம். மாமியாரை, புருஷனை, நிலக்கிழாரை, சாமியாரையே வையலாம். யாரும் குறுக்கே பேச முடியாது. கல்நெஞ்சக்காரனும் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்ள வேண்டும். டீலியா அதை நம்பித்தான் வேலி தாண்டினாள். கோபத்தில் ஒன்றை மறந்துவிட்டாள். ஒப்பாரி அவளுக்கு அயர்லாந்துப் பேச்சில்தான் வரும். வேலிக்கு உள்ளே ஒரு ஜீவனுக்கும் அது புரியாது. வேலிக்கு வெளியே நின்ற அவள் ஆட்களுக்கு எல்லாம் புரிந்தது, அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். புரிய வேண்டியவர்களோ பேயைப் பார்த்ததுபோல விழித்தார்கள்.

"சூனியம் வைக்கிறா!" என்று கூவினாள் ஹெட்விக். "அந்த ஜெபமாலைக்காரியை வெளியே இழுத்துப் போடுங்க!"

பாதிரியார் கையை உயர்த்தினார். "அம்மா, தயவுசெய்து நிறுத்துங்க. நாங்க ஜெபத்துல இருக்கோம். உங்க வழக்கம் எங்களுக்கு ஆகாது."

டீலியா மூச்சு வாங்க நிறுத்தினாள். அந்த இடைவெளியில் வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது. கீல் தேய்வதுபோல ஒரு முனகல், அப்புறம் ஒன்றுமில்லை. அவ்வளவுதான், டீலியாவின் தலைக்குள் இருந்த அயர்லாந்து பூராவும் அடித்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சினது ஓட்டிலியின் அடுக்களைப் பாஷை.

"நீ வாயை மூடு!" என்றாள் பாதிரியாரிடம், சுத்த ஜெர்மனில்.

கூட்டத்தில் ஒருத்தி கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டாள். பாதிரியாரைப் பெற்ற தாய்கூட இந்த முப்பது வருஷத்தில் அவரை நீ என்று கூப்பிட்டிருக்க மாட்டாள்.

"உன் புஸ்தகம் எங்கயும் ஓடிடாது. செத்தவளும் எங்கயும் ஓடிட மாட்டா. உள்ள ஒருத்தன் ஓடிட்டிருக்கான், காது கேக்கலையா உனக்கு? பால்! பால் இருக்கு! நான் வாளி, நிறைஞ்ச வாளி! அவன் பசி! உனக்கு இதுகூடப் புரியாதா, சோம்பேறிக் கழுதை!"

இளவட்டம் ஒன்று சிரிப்பை அடக்க முடியாமல் இருமியது. யாரும் இன்னும் நகரவில்லை. டீலியா எவால்ட் பக்கம் திரும்பினாள்.

"ஏ ஊமைக்கோட்டான்! வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கே? அடுப்புல பால் பொங்கி வழியுது, நீ பாத்துக்கிட்டு நிக்கறே! எப்பப் பாரு அக்கா, அக்கா! உனக்குப் பொண்டாட்டி நானா, அவளா?"

அது அவள் பேச்சே அல்ல. ஏழு வருஷமாக அந்த அடுக்களையில் ஓட்டிலி புருஷனை வைததையெல்லாம் கேட்டுக் கேட்டுப் படித்தவள் அவள். ஒரே வாயிலிருந்து கற்ற பாஷை, சொல்லும் அவளுடையது, இழுப்பும் அவளுடையது. வார்த்தைக்கு வார்த்தை அப்படியே வந்து விழுந்தது. எவால்ட் பெட்டியைப் பார்த்தான், டீலியாவைப் பார்த்தான், மறுபடி பெட்டியைப் பார்த்தான். முகம் கசங்கிக்கொண்டே வந்தது. தான் அடித்த பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூன்று நாளாக அழாத அழுகையை ஊர் முன்னால் அழுதான்.

"அக்கா" என்றான். "குடுத்துடு அக்கா."

ஹெட்விக் கதவை விட்டு அசையவில்லை. "அழு, நல்லா அழு. அம்மா செத்தப்புறம் உன்னை இந்தக் கையாலதான் வளர்த்தேன், எவ பாலும் குடிச்சு இல்லை. இந்தப் பிள்ளையையும் வளர்ப்பேன். இதுக்கு மேல ஒருத்தரும் பேச வேண்டாம்."

இங்கேதான் டீலியா அதைச் சொன்னாள். ஓட்டிலி ஒரு நாள், கதவைச் சாத்திவிட்டு, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்ன விஷயம் அது. இந்த ஊரில் எவால்டைத் தவிர யாருக்கும் தெரியாது. நாக்கு நுனிக்கு வந்ததும் ஒரு கணம் பெட்டியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"இவனுக்கு அப்போ ரெண்டு வயசு, கஞ்சி குடிச்சு வளர்ந்தான். நீ பெத்தது? பழைய ஊர்ல? மூணு பெத்தியே, உனக்குப் பால் இல்லாம மூணுக்கும் வாயில துணி மூட்டை வெச்சியே. எங்கே அதுங்க? கூப்பிடு! மூணையும் கூப்பிடு, இங்க வந்து நிக்கட்டும், நான் என் வழியே போறேன்!"

பாதிரியார் புத்தகத்தை மூடிவிட்டார். ஜெர்மன்காரிகள் ஹெட்விக்கைத் திரும்பிப் பார்த்தார்கள், பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். பிள்ளையே பெறாதவள் என்றுதான் எல்லாரும் அவளை நினைத்திருந்தார்கள். அவளும் அப்படியே விட்டிருந்தாள்.

சொன்னது கொடுமை என்று டீலியாவுக்குத் தெரிந்தது. திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்கு மனசில்லை. பன்றித் தொட்டியில் ஊற்றினவளிடம் என்ன தாட்சண்யம்?

ஹெட்விக் திரும்பி உள்ளே போனாள். தாழ்ப்பாள் போடப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். டீலியா கதவை உடைக்கக் கோடரி எங்கே கிடக்கிறது என்று கண்ணால் தேடினாள். ஆனால் ஹெட்விக் பிள்ளையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். படியிறங்கி, கூட்டத்தின் நடுவில் நடந்து வந்து, டீலியாவின் கையில் வைத்தாள்.

டீலியா பாதிரியாருக்குப் போட்டிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கழற்றினாள். பாதிரியார் சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டார். அவரைப் பார்த்து ஆண்கள் எல்லாரும் திரும்பினார்கள். வேலிக்கு வெளியே நின்றவர்களும் திரும்பிக்கொண்டார்கள். ஆண்பிள்ளைகளுக்கு எது வெட்கம், எது வெட்கமில்லை என்பதை நினைத்து டீலியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிள்ளை வாயைத் திறக்கவில்லை. உதடு காய்ந்து வெடித்திருந்தது. டீலியா பாலைப் பீய்ச்சி உதட்டில் சொட்டினாள். வழிந்து கழுத்துக்குப் போயிற்று. மறுபடி சொட்டினாள். "குடிடா, திருட்டுப் பயலே, குடி. இவ்வளவு பேர்கிட்ட என்னைச் சண்டை போட வெச்சிட்டு இப்போ தூங்கறியா? இந்தா தின்னு" என்று ஓட்டிலியின் பாஷையில் அதட்டினாள். நாக்கு மெல்ல அசைந்தது. ஒரு சொட்டை நக்கியது. அப்புறம் வாய் பிடித்துக்கொண்டது.

அதே நேரம் வேலிப் பக்கம் டீலியாவின் மகள் வீறிட்டாள்.

"உன் பொண்ணு அழறாடீ! என்ன செய்ய?" என்று வினி கத்தினாள்.

"உனக்குப் பால் இல்லையா? குடு!"

"என் பையனுக்கு?"

"அவனுக்குத்தான் எட்டுப் பல்லு இருக்கே, ரொட்டியைக் கடிக்கட்டும்! இல்லேன்னா சாமியாரைக் கேட்டுட்டு வந்து குடு, எனக்கென்ன!"

வினி வாய்க்கு வந்தபடி அவளைச் சபித்துக்கொண்டே பாதையோரப் புல்லில் உட்கார்ந்து சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அந்த அழுகையும் நின்றது.

முற்றத்தில் பிள்ளை குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஹெட்விக் நகரவில்லை. டீலியாவின் தோளுக்குப் பக்கத்தில் நின்று, குனிந்து, பிள்ளையின் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீலியா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏதாவது பேசினாளோ, இன்னும் நாலு வசவைத் தயாராக வைத்திருந்தாள்.

"பழைய ஊர்லயும் அடுத்த வீட்டுல ஒருத்தி இருந்தா" என்றாள் ஹெட்விக். மற்றவர்களுக்குக் கேட்காத குரல். "போலந்துக்காரி. உன்னை மாதிரி ஜெபமாலைக்காரிதான். கைப்பிள்ளைக்காரி. வந்து கதவைத் தட்டினா."

டீலியாவின் கை பிள்ளையின் முதுகில் அப்படியே நின்றது.

"திறக்கலையா?"

"திறக்கலை."

"மூணு பிள்ளைக்குமா?"

"மூணு பிள்ளைக்கும் வந்தா" என்றாள் ஹெட்விக். "மூணு தடவையும் தட்டினா."

டீலியா தயாராக வைத்திருந்த வசவு ஒன்றும் வெளியே வரவில்லை. பிள்ளை ஒரு பக்கத்தைக் காலி செய்துவிட்டு முனகியது. அவள் அவனைத் தூக்கி மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.